ஹுர்ட்டிக்ருட்டன்: வட நார்வேயின் கரையோரக் கப்பல் வழி

ஹுர்ட்டிக்ருட்டன் என்பது நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கனில் தொடங்கி, ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனஸ் வரை செல்லும் கப்பல் வழி. பெயரின் பொருள் ‘விரைவு வழி’. வழியில் 34 துறைகள். போய்த் திரும்ப 11 இரவுகள் ஆகும். துருவ ஒளி பார்க்க வரும் வெளிநாட்டவருக்கு இது உல்லாசப் பயணம். வடக்கே பிறந்தவர்களுக்கோ தபாலும் மாவும் மருத்துவமனைக்குப் போகும் நோயாளியும் விடுமுறைக்கு வீடு திரும்பும் பிள்ளையும் வந்து போன வழி. அதன் வரலாற்றைச் சொல்வது வட நார்வே ஒரு வட்டாரமாக உருவான கதையைச் சொல்வதுதான்.

கப்பலுக்கு முன்பே வடக்கில் போக்குவரத்து உண்டு. அதன் திசைதான் வேறு. வடக்கின் பழங்குடிகளான சாமி மக்கள் கலைமான் மந்தைகளோடு குளிர்காலத்தில் உள்நாட்டு மேட்டுநிலத்திலும் கோடையில் கடற்கரையிலும் வாழ்ந்தார்கள். 1751இல் நார்வே–சுவீடன் எல்லை வகுக்கப்பட்டபோது, மந்தைகளுடன் எல்லை தாண்டும் அவர்களின் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கப்பட்டது. வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கின் பெயரும் சாமிகளைக் குறித்த பழைய நோர்ஸ் சொல்லிலிருந்து வந்ததே. கிழக்கே ரஷ்யாவின் வெண்கடற்கரையிலிருந்து பொமோர் வணிகர்கள் கோடைதோறும் மாவு கொண்டுவந்து மீன் வாங்கிச் சென்றார்கள். இரு தரப்பும் பேச ‘ருசெநோர்ஸ்க்’ என்றொரு கலப்புமொழி பிறந்தது. சில நூறு சொற்களே கொண்ட அந்த மொழியில் பேரமும் நடந்தது, நட்பும் நடந்தது. 1917 ரஷ்யப் புரட்சியோடு வணிகம் நின்றது, மொழியும் மறைந்தது. வடகோடியில் வாழ்ந்தவர்களுக்கு அண்டை வீடு தெற்கே இல்லை, கிழக்கே இருந்தது என்பதை மறந்துவிட்டு இந்த வட்டாரத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

தெற்கோடு தொடர்பு மிக மெல்லியது. நடு நார்வேயின் டிரோன்ஹைமிலிருந்து ஃபின்மார்க்கின் ஹம்மர்ஃபெஸ்டுக்கு ஒரு கடிதம் போய்ச்சேரக் கோடையில் மூன்று வாரம். குளிர்காலத்தில் ஐந்து மாதம்கூட ஆகும் என்பார்கள். 1891இல் அரசின் கப்பல் ஆலோசகர் ஆகுஸ்ட் கிரான், ஆண்டு முழுதும் ஓடும் விரைவுக் கப்பல் வேண்டும் என்றார். பெரிய நிறுவனங்கள் கைவிரித்தன. டிரோன்ஹைமுக்கு வடக்கே அன்று இருந்தவை இரண்டு கடல் வரைபடங்களும் 28 கலங்கரை விளக்கங்களும் மட்டுமே. பாறைகளும் தீவுகளும் சிதறிய கடலில், சூரியனே எழாத துருவ இரவில் யார் கப்பல் விடுவார்கள்?

முன்வந்தவர் வெஸ்டரோலன் தீவுகளில் ஸ்டொக்மார்க்னெஸ் என்ற சிற்றூரில் சிறு கப்பல் நிறுவனம் நடத்திய ரிச்சர்ட் வித். அவரும் வழிகாட்டி மாலுமி ஆண்டர்ஸ் ஹோல்ட்டேயும் பல ஆண்டுகளாக ஒரு வேலை செய்துவந்தார்கள். ஒவ்வொரு பயணத்திலும் எந்த முனையிலிருந்து எந்தத் திசையில், என்ன வேகத்தில், எத்தனை நிமிடம் ஓடினால் அடுத்த திருப்பம் வரும் என்று குறித்துவைத்தார்கள். கண்ணுக்குக் கரை தெரியாவிட்டாலும் கடிகாரமும் திசைகாட்டியும் அந்தக் குறிப்பும் போதும். தங்கள் கடலை விரல்நுனியில் வைத்திருந்த உள்ளூர் மனிதர்களால்தான் இந்த வழி பிறந்தது. தலைநகரில் இருந்தோரால் அல்ல.

1893 ஜூலை 2ஆம் தேதி காலை ‘வெஸ்டரோலன்’ என்ற நீராவிக் கப்பல் டிரோன்ஹைமிலிருந்து புறப்பட்டு, ஒன்பது துறைகளைத் தொட்டு, 67 மணி நேரத்தில் ஹம்மர்ஃபெஸ்டை அடைந்தது. தொடக்கத்தில் வாரம் ஒரு கப்பல். கோடையில் ஹம்மர்ஃபெஸ்ட் வரை, குளிர்காலத்தில் டிரோம்சோ வரை. 1898இல் தெற்கு முனை பெர்கனுக்கு நகர்ந்தது. 1914இல் வடக்கு முனை கிர்கெனஸை எட்டியது. 1936 முதல் நாள்தோறும் ஒரு கப்பல் புறப்பட்டது.

‘நூர்-நோர்கே’, அதாவது வட நார்வே என்ற பெயரே 1880களில், தலைநகரில் வாழ்ந்த வடக்கத்தியர் நடுவே உருவானது. அதுவரை ஒருவர் லொஃபோட்டன்காரர், அல்லது ஃபின்மார்க்காரர். பெயருக்கு உடல் கொடுத்தது கப்பல். லொஃபோட்டன் தீவுகளில் உப்பில்லாமல் மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் காயவைத்த காட் மீன் கருவாடு ஏறிய அதே கப்பலில் டிரோம்சோவின் செய்தித்தாளும் ஹம்மர்ஃபெஸ்டின் ஆசிரியரும் ஏறினார்கள். கப்பல்துறை இல்லாத ஊர்களில் கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஊரார் படகு வலித்துப் போய் ஆளையும் மூட்டையையும் இறக்கி வருவார்கள். பாரன்ட்ஸ் கடலைப் பார்த்திருக்கும் பெர்லெவோகில் அலைதடுப்புச் சுவர் 1970களில்தான் முழுமையடைந்தது; அதுவரை அங்கும் இப்படித்தான்.

ஆனால் இதே கப்பலில்தான் அரசும் வந்தது. நார்வே மொழியை மட்டுமே திணித்த பள்ளிக் கொள்கை பல தலைமுறைச் சாமிகளிடமிருந்தும், ஃபின்னிய வழியினரான குவென் மக்களிடமிருந்தும் தாய்மொழியைப் பறித்தது. வட்டாரத்தின் ஒற்றுமையைப் பேசும்போது இந்த இழப்பையும் சேர்த்தே பேச வேண்டும். சாமி நாடாளுமன்றம் 1989இல் காராஷோக்கில் திறக்கப்பட்டது. அது கப்பல் தொடாத உள்நாட்டு ஊர்.

நார்வே ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்த இரண்டாம் உலகப் போரில் பல கப்பல்கள் மூழ்கின. முதல் பயணம் போன ‘வெஸ்டரோலன்’ 1941 அக்டோபரில் சோவியத் நீர்மூழ்கியின் குண்டுக்கு இரையானது. பெரிய கப்பல்கள் டிரோம்சோவுக்கு அப்பால் போக முடியாமல் போனபோது, மீன்பிடிப் படகுகளே கிர்கெனஸ் வரை பயணிகளையும் தபாலையும் சுமந்தன. 1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஃபின்மார்க்கையும் அடுத்துள்ள டிரோம்ஸ் மாவட்டத்தின் வடக்குப் பகுதியையும் வீடு வீடாக எரித்தது. சுமார் 50,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பலர் குகைகளிலும் புல்மண் குடில்களிலும் பதுங்கினார்கள். ஃபின்மார்க்கின் ஹொன்னிங்ஸ்வோகில் தேவாலயம் மட்டும் எஞ்சியது. திரும்பி வந்தவர்கள் அதற்குள்ளேயே தங்கி ஊரைக் கட்டினார்கள்.

பின்னர் 1962இல் தெற்கிலிருந்து ரயில் பூடோ நகர் வரை வந்து அங்கேயே நின்றது. 1968 முதல் சிற்றூர்களின் குறும் ஓடுதளங்களில் விடெரோ நிறுவனத்தின் சிறு விமானங்கள் இறங்கின. சாலைகளும் கடலடிச் சுரங்கங்களும் வந்தன. ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளுக்கு 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்களும் வந்தார்கள். போரிலிருந்து தப்பி, வெயில் காணாத குளிர்காலத்தில் காட் மீனை வெட்டிப் பொதி செய்து வாழ்ந்த அவர்களில் பலர் பின்னர் ஆஸ்லோவுக்குப் பெயர்ந்தார்கள்.

வட்டார உணர்வு மங்கிவிடவில்லை. ஃபின்மார்க்கை டிரோம்ஸுடன் இணைக்க அரசு முடிவெடுத்தபோது, 2018இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் ஃபின்மார்க்கில் வாக்களித்தவர்களில் 87 விழுக்காட்டினர் எதிர்த்தார்கள். 2020 ஜனவரி 1இல் இணைப்பு நடந்தது; 2024 ஜனவரி 1இல் இரண்டும் மீண்டும் தனித்தனி மாவட்டங்களாயின. கப்பல் இணைத்ததை ஏற்றுக்கொண்ட மக்கள், கோப்பு இணைத்ததை ஏற்கவில்லை.

2021 முதல் இந்த வழியைப் பழைய ஹுர்ட்டிக்ருட்டன் நிறுவனம் ஏழு கப்பல்களோடும் ஹவிலா நிறுவனம் நான்கு கப்பல்களோடும் அரசு ஒப்பந்தப்படி பகிர்ந்து நடத்துகின்றன. கப்பலில் அறை எடுக்காமல் ஒரு துறையில் ஏறி அடுத்த துறையில் இறங்கும் உள்ளூர்ப் பயணிகள் இன்றும் இருக்கிறார்கள். பெர்லெவோகுக்குச் செல்லும் மலைச்சாலையில் பனிப்புயல் நாட்களில், பனியகற்றும் வண்டியின் பின்னால் கார்கள் வரிசையாகத்தான் போக முடியும். புயல் வலுத்தால் சாலையே மூடப்படும். அந்த இரவுகளில் ஊர்க்காரர்கள் துறைமுகத்துக்கு வந்து கப்பலின் விளக்கு தெரிகிறதா என்று பார்க்கிறார்கள்.