130 டாலர் செக்கும் மாமாவின் தகரப் பெட்டியும்

அரசு அலுவலகத்தில் 34 வருடம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். அதில் பாதிக்கு மேல் பில் செக்‌ஷன். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கருவூலத்திலிருந்து பில் திரும்பி வந்துவிடும். அதனாலோ என்னவோ, ஒரு பழைய செக்கின் படத்தைப் பார்த்தபோது என் கண் முதலில் பெயரில்தான் போனது. இரண்டு பெயர்கள், இரண்டும் தப்பு. அதனால் பணம் வாங்கியவர்கள் பின்பக்கம் இரண்டிரண்டு முறை கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

1938 மார்ச் 1 தேதியிட்ட அமெரிக்க செக் அது. தொகை 412 டாலர். எதற்கு எவ்வளவு என்று கணக்கும் அதிலேயே இருக்கிறது. டிடெக்டிவ் காமிக்ஸ் 210, அட்வென்ச்சர் காமிக்ஸ் 36, மோர் ஃபன் 36, சூப்பர்மேன் 130. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. பெற்றுக்கொண்டவர்கள் கிளீவ்லாண்ட் நகரத்து இளைஞர்கள்: கதை எழுதிய ஜெர்ரி சீகல், படம் வரைந்த ஜோ ஷூஸ்டர். பல வருடம் பல பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கதையை, 13 பக்கம், பக்கத்துக்கு 10 டாலர் என்று கொடுத்தார்கள். கூடவே சூப்பர்மேன் மீதான எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தக் கதை வந்த புத்தகம் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ். அட்டையில் 1938 ஜூன். பச்சைக் காரைத் தலைக்கு மேல் தூக்கிப் பாறையில் மோதும் அந்தப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். விலை 10 சென்ட். 2024 ஏப்ரலில் அதன் பிரதி ஒன்று 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம் பணத்தில் ஏறக்குறைய 50 கோடி ரூபாய்!

பத்து சென்ட் புத்தகத்துக்கு ஏன் இந்த விலை? முதல் காரணம், யாரும் பத்திரப்படுத்தவில்லை. இரண்டு லட்சம் பிரதிகள் அச்சானதாகச் சொல்கிறார்கள். இன்று மிஞ்சியவை நூறு அளவில்தான் இருக்கும் என்பது சேகரிப்பவர்கள் கணிப்பு. மட்டமான செய்தித்தாள் காகிதம், நடுவில் இரண்டு கம்பிப் பின். பிள்ளைகள் படித்து, மாற்றிக்கொண்டு, கிழித்துப் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பழைய காகிதம் சேகரிக்கும் இயக்கம் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளே வீடு வீடாகப் போய்க் கட்டுக் கட்டாகக் கொடுத்தார்கள். போர் முடிந்தபின் இன்னொரு ஆபத்து. காமிக்ஸ் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று 1948-இல் சில ஊர்களில் குவித்துக் கொளுத்தினார்கள். 1954-இல் பிரெடரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் இதையே ஒரு புத்தகமாக எழுதினார்; அதே வருடம் செனட் சபையில் விசாரணையும் நடந்தது. மிச்சம் இருந்ததை அம்மாக்கள் வீடு ஒழிக்கும்போது வெளியே போட்டார்கள்.

விலை சொல்வதற்கு ஒரு முறை வந்தது 1970-இல்தான். ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் பழைய காமிக்ஸுக்கான விலைப் பட்டியலைப் புத்தகமாகப் போட்டார். 2000-இல் சி.ஜி.சி. என்ற நிறுவனம் தரம் பிரிக்கத் தொடங்கியது. 0.5-இலிருந்து 10 வரை மதிப்பெண். முதுகில் மடிப்பு, பின்னில் துரு, காகிதத்தில் மஞ்சள், மூலையில் மழுங்கல் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் குறையும். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடிவிடுவார்கள். கிழிசலை ஒட்டியோ, வண்ணம் தீட்டியோ அழகுபடுத்தியிருந்தால் விலை ஏறாது, இறங்கும். பழுது மறைத்த மாட்டைச் சந்தையில் விற்ற மாதிரிதான். அந்த 60 லட்சம் டாலர் பிரதி வாங்கிய மதிப்பெண் 8.5.

பழசாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு பாத்திரம் முதன்முதலாக வந்த இதழா என்பது முக்கியம். ஸ்பைடர்மேன் முதலில் வந்த 1962-ஆம் வருடத்து அமேசிங் ஃபேண்டஸி 15-ஆம் இதழ், 9.6 மதிப்பெண் பிரதி, 2021-இல் 36 லட்சம் டாலருக்குப் போனது. ஆனால் 1992-இல் சூப்பர்மேன் சாகும் இதழைக் கறுப்பு உறையில் போட்டு விற்றபோது, நாளைக்குப் பொன்னாகும் என்று ஆளாளுக்கு வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள். லட்சக்கணக்கில் அச்சடித்தது, எல்லோரும் பத்திரமாக வைத்தது. இன்றும் சில டாலருக்குக் கிடைக்கிறது.

இனி என் கதை. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். என் தாய்மாமா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா. 1961-இல் லீவில் வந்தபோது ஒரு தகரப் பெட்டி நிறையப் படக்கதை இதழ்கள் கொண்டுவந்தார். அங்கே பழைய புத்தகக் கடையில் கட்டாக வாங்கியது. 'இலுஸ்த்ரே' என்போம். எங்கள் பிரெஞ்சு ஆசிரியருக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. "அதைப் படித்தால் டிக்தேயில் தப்புதான் வரும்" என்பார். அவருக்குத் தெரியாமல் படித்தேன். அதில் போருக்கு முந்தைய ஸ்பிரு இதழ்கள் சில இருந்தன. பறந்து பறந்து சண்டை போடும் ஒருவன், பெயர் மார்க், 'நவீன ஹெர்குலிஸ்' என்று போட்டிருக்கும். அவன்தான் சூப்பர்மேன் என்பது எனக்குத் தெரிந்தது ஐம்பது வயதுக்கு மேல். பெல்ஜியத்தில் 1939-இல் அவனுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

1965-இல் ஒருநாள் பள்ளி விட்டு வந்தேன். பெட்டி காலி. அம்மா மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிட்டார். தெருமுனை மளிகைக் கடையில் மல்லாட்டை மடித்துக் கொடுக்க அது போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. மாமாவுக்குக் கடைசி வரை சொல்லவும் இல்லை.

2010 பிப்ரவரியில் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதன்முறையாகப் பத்து லட்சம் டாலரைத் தொட்டது. அதைப் படித்த அன்று பழைய கோபம் கிளம்பிவிட்டது. அம்மாவுக்கு அப்போது 82 வயது. "மாமா பெட்டியை வித்தீங்களே, இப்ப அது என்ன விலை தெரியுமா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உன் பிரவே பரீட்சைக்குப் பணம் கட்டணும்னு நின்னப்ப அப்பா கையில ஒண்ணும் இல்லைடா. பேப்பர் வித்த காசோட என் வெள்ளிக் கொலுசையும் போட்டுத்தான் கட்டினேன்" என்றார். 45 வருடமாக அதை என்னிடம் சொன்னதே இல்லை. அந்தப் பிரவேயை வைத்துத்தான் எனக்கு வேலை கிடைத்தது. இன்று வாங்கும் பென்ஷனும் அதன் வழியாக வந்ததுதான்.

அதற்குப் பிறகுதான் சீகலைப் பற்றித் தேடிப் படித்தேன். உரிமை கேட்டு 1947-இல் இருவரும் வழக்குப் போட்டார்கள். ஓரளவு பணம் கிடைத்தது. ஆனால் புத்தகத்திலிருந்து அவர்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். 1970-களில் ஷூஸ்டருக்குக் கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. சீகல் கலிபோர்னியாவில் ஓர் அரசு ஆணையத்தில் தட்டச்சு குமாஸ்தா! அந்த வரியை இரண்டு முறை படித்தேன். 1973-இல் அவர் கதை வந்த அந்த முதல் இதழின் பிரதி ஒன்று 1,801 டாலருக்கு விற்றது; அதில் ஒரு சென்ட்கூட அவருக்கு வரவில்லை. 1975-இல் சூப்பர்மேன் படம் எடுக்கப்போகும் செய்தி வந்ததும், அவர் தம் கதையைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் அவர்களுக்காகப் போராடினார்கள். கடைசியில் ஆளுக்கு வருடம் 20,000 டாலர் பென்ஷன், பழையபடி பெயர். ஷூஸ்டர் 1992-இலும் சீகல் 1996-இலும் இறந்தார்கள்.

அந்த 412 டாலர் செக்? 2012-இல் ஏலத்துக்கு வந்து 1,60,000 டாலருக்குப் போனது. எப்போதோ பணமாக்கி முடித்த வெறும் காகிதம்.

எல்லா அம்மாக்களும் எடைக்குப் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் மூன்று சகோதரர்கள், இறந்துபோன தாயின் வீட்டுப் பரணில் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் 1939-ஆம் வருடத்து சூப்பர்மேன் முதல் இதழைக் கண்டெடுத்தார்கள். 2025 நவம்பரில் அது 91 லட்சம் டாலருக்கு மேல் போனது.

உங்கள் பரணிலும் இந்திரஜாலோ முத்து காமிக்ஸோ இருக்கலாம். இருந்தால் கிழிசலுக்கு டேப் ஒட்டாதீர்கள். வெயிலும் ஈரமும் படாமல் படுக்கை வசமாக அடுக்குங்கள். நம் கடற்கரைக் காற்றில் பின் சீக்கிரம் துருப்பிடிக்கும்; மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வீட்டில் யாராவது எடைக்குப் போட்டிருந்தால், கோபப்படும் முன் எதற்காகப் போட்டார்கள் என்று கேட்டுவிடுங்கள். நான் 45 வருடம் கேட்காமல் இருந்துவிட்டேன்.