கம்பத்து வாடை எங்கே போயிற்று?

அடுக்குமாடிகள் நிறைந்த ஆங் மோ கியோவில் ஒரு காலத்தில் காய்கறித் தோட்டங்களும் பன்றி, கோழிப் பண்ணைகளும் இருந்தன. 1973ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கு புதுநகரை எழுப்பத் தொடங்கியது. கம்பங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

மூக்கைப் பிடித்துக்கொண்டு பண்ணைகளைக் கடந்தவர்களை உறுத்திய வாடையில் ஒரு பங்கு அம்மோனியா. பன்றியின் சிறுநீரிலுள்ள யூரியா, சாணத்திலுள்ள நொதியால் சிதைந்து இந்த வாயுவாகிறது. ஒரு பகுதி அருகிலுள்ள இலைகளிலும் மண்ணிலும் படியும். எஞ்சியது காற்றிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து நுண்துகளாகி, தொலைதூரம் சென்று மழையோடு இறங்கும். நைட்ரஜன் உரந்தானே என்று கேட்கலாம். அளவு மீறினால் மரப்பட்டையில் வளரும் லைக்கன்கள் முதலில் அழியும்.

சிங்கப்பூரில் பண்ணைகளின் விதியை நிர்ணயித்தவை நீரும் நிலமுந்தான். சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் பத்தாண்டுகளில் சுத்தப்படுத்த வேண்டுமென 1977ல் பிரதமர் லீ குவான் இயூ பணித்தார். படுகையிலிருந்து சுமார் 600 பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. நீர்த்தேக்கத்திற்காகக் கிராஞ்சிப் பண்ணைகளும் 1970களில் பொங்கோலுக்கு மாறின. 1984ல் பன்றி வளர்ப்பையே கைவிடுவதாக அரசாங்கம் அறிவித்தது. ஒருமுறை இடம்பெயர்ந்த குடும்பங்கள் இம்முறை தொழிலையே இழந்தன.

ஐரோப்பாவோ காற்றைக் கணக்கிட்டது. பண்ணையிலிருந்து வெளியேறும் அளவு, காற்றின் திசை, வேகம், மழை, தரையின் தன்மை ஆகியவற்றைக் கணினியில் இட்டால், எந்தக் காட்டில் எவ்வளவு படியும் என்று மதிப்பிடலாம். அங்கு லைக்கன்களுக்கான ஆண்டுச் சராசரி வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். நெதர்லாந்தில் 2019 மே மாதம் உயர் நிர்வாக நீதிமன்றம், நைட்ரஜன் படிவு தொடர்பான அனுமதித் திட்டம் இயற்கைப் பகுதிகளைப் போதிய அளவு காக்கவில்லை எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே விவசாயிகள் டிராக்டர்களோடு சாலைக்கு வந்தனர். கணக்கின் முடிவு அவர்களுடைய பிழைப்பைத் தொட்டது.

பொங்கோல் பண்ணைகள் மூடப்பட்டாலும் பன்றி இறைச்சியின் தேவை குறையவில்லை. மலேசியாவிலிருந்தும், இந்தோனீசியாவின் பூலாவ் புலானிலிருந்தும் பன்றிகள் வந்தன. வாடை மறையவில்லை, கடல் கடந்தது. லோயர் பியர்ஸ் காட்டோரம் இன்று நடைபயில்வோர் மூச்சு விடும் தூய காற்றுக்கு, முன்னாள் பண்ணைக் குடும்பங்களும் அயல்தீவுகளும் விலை கொடுத்துள்ளன. அதையும் கணக்கில் சேர்ப்பதே நியாயம்.