வீரன் பெயரும் ஏட்டுப் பிழையும்

கொங்கு நாட்டின் ஊர்ப்புறங்களிலும் ஆற்றங்கரைகளிலும் பட்டி மேடுகளிலும், புலியை ஈட்டியாற் குத்தி நிற்கும் வீரனுடைய உருவம் பொறித்த கற்களை அன்பர்கள் பலரும் கண்டிருப்பர். அவற்றைப் புலிகுத்திக் கல் என்று நம்மவர் வழங்குவர். ஆநிரையைக் காக்கும்பொருட்டு உயிர் கொடுத்தவனுக்கு ஊரார் செலுத்திய நன்றிக் கடன் அது. அக்கற்களுட் சிலவற்றில் எழுத்து உண்டு. எழுத்துள்ள கல்லினின்று வீரன் பெயரும், அவன் ஊரும், ஒரோவழி அக்காலத்து அரசன் பெயரும் நமக்குக் கிடைக்கின்றன. எழுத்தில்லாக் கற்களோ மிகப் பல. ஆங்கே புலி இருக்கின்றது, ஈட்டி இருக்கின்றது, ஆளும் இருக்கின்றான், இன்னான் என்று சொல்லுவார்தாம் இல்லை. செயல் நின்றது, பெயர் போயிற்று.

இக்காலத்துப் போர்வீரனுக்கு நடுகல்லாய் நிற்பது சர்க்கார் ஏடு. அவன் எந்த மலையில், எந்த நாளில், எவருடன் நின்று போரிட்டான் என்பதற்கு அவ்வேடே சாட்சி. அவ்வேட்டிற் பிழை நேருமாயின் என் செய்வது? பணி முடித்து வீடு திரும்பிய வீரன், “எனது விருதுப் பதிவைத் திருத்தித் தருக” என்று விண்ணப்பித்தல் தகுமா, தகாதா? தற்புகழ்ச்சியென்று சிலர் அதனை இகழ்வர். அவர் கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதைச் சில வரலாற்றுச் செய்திகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், விருது ஏட்டில் ஏறும் முறையை அறிதல் வேண்டும். போர்க்களத்தில் ஒருவன் அருஞ்செயல் புரிந்தால், அதனைக் கண்ட அதிகாரி ஒரு குறிப்பு வரைகின்றார். அக்குறிப்பு பட்டாளத் தலைவரிடமிருந்து பிரிகேடுத் தலைவருக்கும், அவரிடமிருந்து டிவிஷன், கோர் ஆகியவற்றின் தலைவர்கட்கும், பின்னர்த் தலைமைப் படையகத்துக்கும் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் செல்லுகின்றது. இறுதியில் குடியரசுத் தலைவரது இசைவு பெற்று அரசிதழில் வெளியாகின்றது. இத்தனை கைகள் மாறும் ஒரு தாளில் பெயர் மாறுதலும், எண் மாறுதலும், இடம் மாறுதலும் வியப்பல்ல. செய்தவன் ஒருவனாகவும் புகழ் பெற்றவன் வேறொருவனாகவும் முடிதலும் கூடும்.

நம் காலத்தே நிகழ்ந்த ஒன்றை இதற்கு எடுத்துக்காட்டலாம். 1999ஆம் ஆண்டு கார்கில் யுத்தத்தில், ஜூலை 3, 4 ஆகிய தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில், 18ஆவது கிரனேடியர்ஸ் பட்டாளத்தைச் சார்ந்த யோகேந்திர சிங் யாதவ் என்னும் 19 வயது இளைஞர், டைகர் ஹில் என்னும் செங்குத்தான சிகரத்திலே ஏறிப் பலமுறை சுடப்பட்டும் தளராது போரிட்டார். அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த போர் விருதாகிய பரம வீர சக்கரம் அறிவிக்கப்பட்டபோது, இறந்தார்க்கு வழங்கும் விருதாகவே அஃது அறிவிக்கப்பெற்றது. அவரோ ஆஸ்பத்திரியிற் கிடந்து உடல் தேறி வந்தார்! அதே பெயர் கொண்ட மற்றொரு வீரர் இறந்தமையால் நேர்ந்த மயக்கம் அது. உயிரோடிருந்தமையால் பிழை விரைவில் வெளிப்பட்டுத் திருத்தம் பெற்றது. நாடு முழுதும் நோக்கிய ஒரு விருதிலேயே இவ்வாறாயின், எவரும் நோக்காத எளிய சிப்பாயின் தாளில் எத்துணைப் பிழைகள் நேரலாம் என்பதை அன்பர்களே உய்த்துணரலாம்.

பெயர் மயக்கம் எளிதில் தீரும். மேலிருந்து எழுதுவோரின் அபிப்பிராயத்தால் நேரும் பிழை எளிதில் தீர்வதன்று. தென்னாட்டார் அதனை நெடுங்காலம் பட்டறிந்தவர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைவராகவும், பின்னர் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைவராகவும் இருந்த ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டுச் சிப்பாய்கள் போர்த்தொழிலுக்கு முன்போல் ஏற்றவரல்லர் என்று கருதினார். வடபுலத்துச் சில இனத்தாரே போர்க்குலத்தினர் என்னும் கொள்கை அக்காலத்தே வேரூன்றிற்று. அதன் பயனாகத் தென்னாட்டுக் காலாட்படைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1920களில் மதராஸ் காலாட்படைப் பட்டாளங்களே கலைக்கப்பட்டன. மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படை மட்டும் நிலைத்து நின்றது.

அப்படையைச் சார்ந்த சுபேதார் சுப்பிரமணியன் என்பார் காஞ்சிபுரத்தையடுத்த ஒரு சிற்றூரினர். இத்தாலி நாட்டில் மிஞ்ஞானோ என்னுமிடத்தில், 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் தம் உடலைக் கிடத்தித் தம் தோழர்களைக் காத்து உயிர் நீத்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பெற்றது. போர்க்குலம் அன்று என்று எழுதிய கோலுக்கு இதனினும் சிறந்த விடை வேறு என்ன வேண்டும்? அவ்யுத்த காலத்திலேயே மதராஸ் ரெஜிமெண்டு மீண்டும் எழுந்தது. இன்று அதன் தலைமை நிலையம் நீலகிரியில் வெல்லிங்டனில் இருக்கின்றது. 1868 வரை கோயமுத்தூர் ஜில்லாவின் பகுதியாக இருந்த மலை அது. மேட்டுப்பாளையத்தினின்று மலையேறுவார் யாவரும் அறிந்த இடம். ஒரு தலைவரின் அபிப்பிராயம் ஏட்டில் ஏறி ஒரு நாட்டினரின் பெயரையே பல்லாண்டு மறைத்து நின்றது என்பதற்கு இவ்வரலாறே சான்று.

ஒரு நாட்டினர்க்கு நேர்ந்தது தனி ஒருவர்க்கும் நேரும். அவ்வாறு நேர்ந்தபோது நியாயம் கேட்டு நின்ற ஒருவரது வழக்கே இக்கட்டுரையின் நடுப்பொருள். கார்கில் யுத்தத்தின் கிழக்குப் பகுதியிலே, சிந்து நதிப் பள்ளத்தாக்கின் மேல், படாலிக் என்னும் மலைக்களம் இருக்கின்றது. தமிழர் மறவாத களம் அது. இராமேசுவரத்திற் பிறந்து, பீகார் ரெஜிமெண்டின் முதலாம் பட்டாளத்திற் பணிபுரிந்த மேஜர் மாரியப்பன் சரவணன் 1999 மே 29ஆம் நாள் அங்கேதான் வீழ்ந்தார். அவருடைய உடலைப் பகைவர் குண்டுமாரிக்கிடையே எடுத்துவர இயலாமையால், ஒரு மாதத்திற்கு மேற்பட்ட பின்னரே அது மீட்கப்பெற்றது. அவருக்கு வீர சக்கரம் அளிக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு.

அப்படாலிக் களத்திலே 70ஆவது காலாட்படை பிரிகேடுக்குத் தலைமை தாங்கியவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங். பகைவரின் தொகை மேலிடத்தார் எண்ணியதினும் மிகுதி என்று அவர் மதிப்பிட்டார். அவர் பிரிகேடின் வீரர்கள் பெருஞ்சேதத்திற்கிடையே சிகரங்களை மீட்டனர். யுத்தம் முடிந்தபின் அவருக்குக் கிடைத்தது விசிஷ்ட சேவா பதக்கம். போர்க்காலத்துத் தலைமைச் சேவைக்கென யுத்த சேவா பதக்க வரிசை 1980ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டிருக்க, இவர்க்கு அளிக்கப்பெற்றதோ அமைதிக் காலத்துச் சிறந்த பணிக்கு வழங்கும் பதக்கம். அதுவுமன்றிப் போரைப்பற்றி எழுதப்பெற்ற உத்தியோகக் குறிப்பில், அவரது பிரிகேடின் ஒரு பகுதியை வேறோர் அதிகாரி நடத்தியதாக எழுதப்பட்டிருந்தது. மேஜர் ஜெனரல் பதவி உயர்வும் அவருக்கு வாய்க்கவில்லை.

அவர் மனம் வெதும்பி வாளா இருந்திலர். பத்திரிகைகளில் வசைமொழி எழுதி மனம் ஆறவுமிலர். நீதிமன்றத்தின் துணையை நாடினார். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் படைவீரர் வழக்குகட்கென்று ஆயுதப் படைத் தீர்ப்பாயம் ஏற்பட்டபின், அவ்வழக்கு அத்தீர்ப்பாயத்தின் முன் வந்தது. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில், நீதிபதி ஏ. கே. மாத்தூர் தலைமையில் அமைந்த தீர்ப்பாயம் முடிவு கூறிற்று. அப்போது 15ஆவது கோரின் தலைவராயிருந்த லெப்டினன்ட் ஜெனரல் கிஷன் பால், தேவிந்தர் சிங்கைப்பற்றி வரைந்த மதிப்பீட்டிற் பக்கச் சார்பு இருந்தது என்று தீர்ப்பாயம் கண்டது. அம்மதிப்பீட்டை நீக்குமாறும், போர்க் குறிப்பைத் திருத்துமாறும், பதவி உயர்வை மறுபடியும் கருதுமாறும் பணித்தது. பதினோராண்டுகட்குப் பின் ஓர் உத்தியோக ஏடு பிழையுடையது என்று நீதிபதிகள் வாயாற் கூறப்பட்டது.

இவ்வழக்கினின்று நாம் அறியத்தக்கது யாது? விருது கேட்டல் வேறு. பதிவைத் திருத்தக் கேட்டல் வேறு. “எனது வீரம் இன்ன சக்கரத்திற்கு உரியது” என்பது ஒருவகை வேண்டுகோள். அதனை எடைபோடுதல் படைத்துறையார்க்கும் குடியரசுத் தலைவர்க்கும் உரியது. நீதிமன்றங்கள் அதிற் புகுதற்குத் தயங்குதல் இயல்பே. “அந்நாளில் அம்மலையில் அப்படையை நடத்தியவன் நான், ஏட்டிலோ வேறு எழுதியிருக்கின்றது” என்பது மற்றொரு வகை. இஃது உண்மை பொய்யைப் பற்றியது. இதனைக் கேட்டல் தற்புகழ்ச்சியாகாது. தன் நிலத்தின் எல்லைக்கல்லைப் பிறன் பெயர்த்து நட்டான் என்று முறையிடுவதை எவர் தற்புகழ்ச்சி என்பார்?

மேலும், பதிவு ஒருவனுக்கு மட்டும் உரியதன்று. பிரிகேடின் வரலாறு தவறாக எழுதப்பட்டால், அதன் தலைவர் மட்டுமா பெயர் இழக்கின்றார்? அவர்கீழ் நின்று மாண்ட சிப்பாய்கள் யாவரும் தம் போரினின்று பெயர்த்தெடுக்கப்படுகின்றனர். இறந்தவர் மனுக் கொடுக்க வாரார். உயிரோடு மீண்டவன் கேளாதிருந்தால் அவர்களுக்காகக் கேட்பவர் யார்? ஆகலின், அடக்கம் என்னும் நற்குணம் இவ்விடத்தில் மௌனமாக மாறுதல் கூடாது.

அயல்நாட்டார் இதற்குச் செய்த ஏற்பாடும் நோக்கத்தக்கது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1946ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, படைவீரர் பதிவுகளைத் திருத்துதற்கென்றே சிவில் உத்தியோகஸ்தரைக்கொண்ட குழுக்கள் அமைக்கப்பட்டன. பிழையைக் கண்டறிந்த மூன்றாண்டுகட்குள் விண்ணப்பித்தல் வேண்டும் என்பது விதி. நியாயம் வேண்டுமாயின் அவ்விதியைத் தளர்த்தவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்திற்கென அந்நாட்டின் மிக உயர்ந்த பதக்கம் 400க்கு மேற்பட்டோர்க்கு அளிக்கப்பட்டிருந்தும், அவருள் ஒருவரும் கறுப்பு இனத்தவரல்லர். 1990களில் இஃது ஆராயப்பட்டு, 1997 ஜனவரி 13ஆம் நாள் ஏழு கறுப்பு வீரர்க்கு அப்பதக்கம் வழங்கப்பெற்றது. எழுவருள் அன்று உயிரோடிருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே, வயது 77. அவர் அருஞ்செயல் புரிந்ததும் நம் சுப்பிரமணியன் உயிர்நீத்த அதே இத்தாலி நாட்டில், அடுத்த ஆண்டில், 1945 ஏப்ரலில். நீதி வந்தது; வாங்க வேண்டிய கைகளுள் ஆறு மண்ணாயிருந்தன. காலத்தாழ்வு எத்துணைக் கொடிது என்பதற்கு இதுவே போதும்.

இனி, நம் நாட்டார் செய்யத்தக்கது யாதெனக் கூறி முடிப்போம். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் முதலிய ஜில்லாக்களில் படைப்பணி முடித்து வீடு திரும்பி, உழவும் தொழிலும் நடத்துவோர் உளர். அவர்கள் வீட்டுப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகமும், பழைய கடிதங்களும், பட்டாளத்தோடு எடுத்த புகைப்படங்களும் கிடக்கும். கறையானுக்கு இரையாகாமல் அவற்றைக் காத்தல் பிள்ளைகளின் கடமை. புத்தகத்தில் எழுதியிருக்கும் பெயர், எண், பதக்கம் ஆகியவற்றைப் பெரியவர் கண்ணும் நினைவும் தெளிவாயிருக்கும்போதே ஒப்புநோக்குதல் வேண்டும். வேறுபாடு காணின், உரிய ரெஜிமெண்டின் ரிக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாம். மதராஸ் ரெஜிமெண்டினர்க்கு அது வெல்லிங்டனிலும், மதராஸ் சாப்பர்ஸ் படையினர்க்குப் பெங்களூரிலும் இருக்கின்றது. ஜில்லாவிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தாரும் வழிகாட்டுவர். அங்கும் நியாயம் கிட்டாதாயின், சென்னையில் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கின்றது. இறுதி ஆணை பிறந்த ஆறு திங்களுக்குள் அதனை அணுகுதல் வேண்டும் என்பது விதியாகலின், காலத்தை வீணே கழிக்கலாகாது. மனுவில் வீரத்தைப் பற்றிய அடைமொழிகள் வேண்டா. நாள், இடம், பட்டாளம், உடனிருந்தோர் பெயர் ஆகிய இவையே வேண்டுவன. தேவிந்தர் சிங்கின் வழக்கு நின்றதும் புகழுரையால் அன்று. ஏட்டில் எழுதியது களத்தில் நிகழ்ந்ததனோடு ஒவ்வாமையால்.

எழுத்தறிந்த இளைஞர் ஊர்தோறும் இருக்கும் காலம் இது. தம் ஊரிலுள்ள முதிய வீரர் ஒருவரிடம் சென்று, அவர் கூறுவதை எழுதி, தாள்களோடு ஒப்பிட்டுக் கொடுக்க ஒரு பிற்பகற் பொழுது போதும். அன்று கல்லில் எழுதத் தவறிய நம் முன்னோரை நாம் குறைகூற வேண்டா. தாளில் எழுதியதைச் சரிபார்க்கத் தவறினோம் என்னும் குறையை நம் பின்னோர் நம்மேல் ஏற்றாதிருக்கட்டும்.