தேங்காய், தக்காளி, துவரை: விவசாயக் குடும்பத்தின் மளிகைச் செலவைக் குறைக்கும் வழிகள்

உரம், கூலி, டீசல் செலவை விவசாயிகள் பைசா கணக்கில் எழுதி வைக்கிறார்கள். மாதாமாதம் மளிகைக் கடைக்குப் போகும் பணத்தை எழுதி வைப்பவர்கள் குறைவு. தோப்பில் விளைந்த தேங்காயைக் காய் கணக்கில் விற்றுவிட்டு, அதன் எண்ணெயில் செய்த சோப்பைக் கட்டி கட்டியாக வாங்குகிறோம். விலை இல்லாமல் தக்காளியைச் செடியிலேயே விட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் தொக்குப் பாட்டில் வாங்குகிறோம். இப்படி வெளியே போகும் பணத்தில் ஒரு பகுதியை வீட்டிலேயே நிறுத்தலாம். ஆனால் எல்லாப் பொருளையும் வீட்டில் செய்வது லாபம் என்று சொல்ல முடியாது. சிலவற்றை அளவு தெரியாமல் செய்தால் ஆபத்தும் உண்டு. அதனால் கணக்கோடும் எச்சரிக்கையோடும் சேர்த்தே சொல்கிறேன்.

துணி துவைக்கும் தேங்காய் எண்ணெய் சோப்பு

முதலில் லாபக் கணக்கு. 1 கிலோ எண்ணெயில், காய்ந்த பிறகு ஏறக்குறைய 1.3 கிலோ சோப்பு நிற்கும். அதாவது 100 கிராம் கட்டியாக 13. எண்ணெய் விலையையும் காஸ்டிக் சோடா விலையையும் கூட்டி 13-ஆல் வகுத்துப் பாருங்கள். எண்ணெய் நல்ல விலைக்குப் போகும் காலத்தில், எண்ணெயை விற்றுவிட்டுச் சோப்பு வாங்குவதே புத்திசாலித்தனம். பூஞ்சணம் பிடித்துக் கறுத்த கொப்பரை, சிக்குவாடை அடிக்கும் பழைய எண்ணெய் ஆகியவை சமையலுக்கும் ஆகாது, விலைக்கும் போகாது. அவற்றுக்கு இந்தச் சோப்பு சரியான வழி.

தேவையானவை: தேங்காய் எண்ணெய் 1 கிலோ, காஸ்டிக் சோடா 170 கிராம், தண்ணீர் 340 மில்லி. 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறச் சுமார் 183 கிராம் சோடா பிடிக்கும். நாம் 170 போடுவதால் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நிற்கும். கையைக் கடிக்கும் சோடா மிச்சம் நிற்காது. இந்த அளவு தேங்காய் எண்ணெய்க்கு மட்டும்தான். கடலை எண்ணெய்க்கோ சூரியகாந்தி எண்ணெய்க்கோ இதையே போட்டால் சோடா மிஞ்சிக் கை புண்ணாகும்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல. 1 லிட்டர் தேங்காய் எண்ணெயின் எடை சுமார் 920 கிராம்தான். அது முழுவதும் மாறவே 168 கிராம் சோடா போதும். லிட்டர் படியில் அளந்து 170 கிராம் போட்டால், மிச்சமாக நிற்க வேண்டிய எண்ணெய்க்குப் பதில் சோடா மிச்சமாகி நிற்கும். எனவே எண்ணெய், சோடா இரண்டையும் எலெக்ட்ரானிக் தராசில் எடை போடுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம்.

செய்யும் நாளில் குழந்தைகள், ஆடு மாடு, கோழி எதுவும் அருகில் வராத, காற்றோட்டமான இடம் வேண்டும். ரப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். எவர்சில்வர் பாத்திரம் அல்லது தடித்த பிளாஸ்டிக் வாளி எடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. சோடா அதை அரித்து, தீப்பிடிக்கும் வாயுவை உண்டாக்கும். தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கரையும்போது கொதிநீர் போலச் சூடேறும், நெடியும் வரும். குனிந்து முகராதீர்கள்.

சோடா நீர் ஆறி வெதுவெதுப்பானதும், அதே சூட்டில் உள்ள எண்ணெயில் மெல்ல ஊற்றி ஒரே சீராகக் கிளறுங்கள். கையால் கிளறினால் அரை மணி நேரம் வரைகூட ஆகலாம். தோசை மாவுப் பதம் வந்ததும், பாலித்தீன் தாள் விரித்த மரத்தட்டில் ஊற்றிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் சோப்பு சீக்கிரம் இறுகும். அன்றைக்கே, கத்தி இறங்கும் பதத்தில் வெட்ட வேண்டும். மறுநாள் வெட்டினால் உடைந்து சிதறும். வெட்டிய கட்டிகளை நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி 4 வாரம் காய விடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் சீக்கிரம் கரைந்து வீணாகும்.

சோடா மேலே பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஏறும்போது தொண்டையை இரண்டாம் முறை பொசுக்கும். மீதிச் சோடாவைக் காற்றுப் புகாத டப்பாவில், பெயர் எழுதி, பூட்டி வையுங்கள்.

உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால், சோப்பு திரிந்து வெள்ளைத் துணியில் பழுப்பாகப் படியும். துணி ஊறும் தண்ணீரில் முதலில் ஒரு கரண்டி சலவை சோடா கலந்தால் படிவது குறையும். குளிக்க இந்தச் சோப்பைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். தோல் வறளும், துணிக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் துலக்க, தரை கழுவ

பூந்திக்கொட்டைச் சாறு நன்றாக நுரைக்கும், எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும். ஆனால் சாறாக வைத்தால் சில நாளில் புளித்து நாறும். தோலைக் காய வைத்துப் பொடித்து, சீயக்காய்ப் பொடியும் சலித்த விறகுச் சாம்பலும் சேர்த்து வைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். பிளாஸ்டிக் எரித்த அடுப்புச் சாம்பல் கூடாது. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து எல்லாவற்றையும் துலக்கலாம் என்று செல்போனில் சுற்றும் செய்முறை வீண். இரண்டும் ஒன்றையொன்று முறித்து, கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர்தான்.

பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய கழிவறையில் அது உயிரை எடுக்கும். செய்த பொருள் எதையும் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பூச்சிமருந்து டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் வீட்டு உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது.

தக்காளி விலை விழுந்தால்

பறிகூலிக்கே கட்டாத நாளில் வீட்டுத் தேவைக்கு மட்டுமாவது பறித்துவிடுங்கள். தொக்குக்கு 5 கிலோ பழுத்த தக்காளி, 100 கிராம் புளி, 150 கிராம் கல்லுப்பு, 150 கிராம் மிளகாய்த்தூள், 350 மில்லி நல்லெண்ணெய், வறுத்துப் பொடித்த கடுகு வெந்தயம். தக்காளியையும் புளியையும் வேக வைத்து அரைத்து, அடி கனத்த பாத்திரத்தில் சுண்ட விடுங்கள். எண்ணெய் தனியே பிரிந்து, கரண்டியில் எடுத்தால் நீர் வடியாத பதம் வர வேண்டும். அடுப்பில் கூட அரை மணி நேரம் நிற்கச் சோம்பினால், அந்த நீரில்தான் பூஞ்சணம் வரும். கண்ணாடிப் பாட்டிலைக் கொதிநீரில் 15 நிமிடம் போட்டெடுத்து, ஈரமில்லாமல் காய வைத்து, சூடாக இருக்கும்போதே நிரப்புங்கள். பிறகு உலர்ந்த கரண்டி மட்டும். மேலே பூஞ்சணம் தெரிந்தால் வழித்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடக் கூடாது. முழுப் பாட்டிலையும் கொட்டிவிடுங்கள்.

விறகு கட்டாதவர்கள் வற்றல் போடலாம். வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி, மேலே கொசுவலை மூடி, உடைத்தால் முறியும் வரை காய வைக்க வேண்டும். 1 கிலோவுக்கு 50 முதல் 70 கிராம்தான் கிடைக்கும். குழம்புக்கும் ரசத்துக்கும் ஒரு பிடி போதும். கடைசியாக மருந்தடித்த நாளிலிருந்து, லேபிளில் சொன்ன இடைவெளி கழிந்த பழமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வைக்கும் துவரை, உளுந்து, கடலை

பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டு, தானியத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. முழுப்பயறில்தான் அதன் ஆட்டம். உடைத்த பருப்பில் மிகக் குறைவு. துவரையை ஊற வைத்து, செம்மண் குழம்பில் புரட்டி, ஓர் இரவு குவித்து வைத்து, நன்றாக வெயிலில் காய வைத்துத் திருகையில் உடைக்கும் பழைய முறை இன்றைக்கும் நல்ல முறைதான். முழுதாக வைக்க வேண்டுமானால், கடித்தால் கடுக்கென்று உடையும் வரை காய வைத்து ஆற விட்டு, கிலோவுக்கு 10 மில்லி ஆமணக்கெண்ணெய் அல்லது வேறு சமையல் எண்ணெய் புரட்டி வையுங்கள். சமைக்கும் முன் கழுவினால் போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப்பொறியைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், வண்டு பெருகும் முன்பே தெரிந்துவிடும். பொறியில் வண்டு விழுந்தால் அன்றே மறுபடி வெயிலில் போடுங்கள்.

மூட்டைக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போட்டு, அதே அறையில் படுத்துத் தூங்கும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. காற்றின் ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் வாயு வரும். தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார். அதற்கு மாற்றுமருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர்கள் கிடங்கில் கையாள வேண்டிய பொருள் அது. வீட்டுக்குள் அதற்கு வேலை இல்லை.

நிலக்கடலையில் நல்ல பருப்பை மண்டிக்கு அனுப்பிவிட்டு, சுருங்கியதையும் பூஞ்சணம் பிடித்ததையும் வீட்டுச் சட்னிக்கு வைக்கும் சிக்கனம் வேண்டாம். அந்தப் பூஞ்சணத்தின் அஃப்ளாடாக்சின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேக வைத்தாலும் முழுவதும் போகாது. அதைக் கறவை மாட்டுக்குப் போட்டால் பாலிலும் நஞ்சு வரும். குழியில் புதையுங்கள்.

மிஞ்சியதை விற்க நினைத்தால்

தொக்கு, வற்றல் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சிறு உற்பத்தியாளருக்கான ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். குளியல் சோப்பு விற்பது வேறு கதை. அது அழகுசாதனப் பொருள் சட்டத்தில் வருவதால் தயாரிப்பு உரிமம் வேண்டும். சுயஉதவிக் குழுவினர் முதலீடு போடும் முன்பே இதை விசாரித்துக்கொள்ளுங்கள். செய்முறைப் பயிற்சிக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் உள்ள மனையியல் விஞ்ஞானியையோ, மதுரையில் உள்ள சமுதாய அறிவியல் கல்லூரியையோ அணுகலாம். போகும்போது உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்துப் போங்கள். சோப்பு எப்படி நுரைக்கும் என்பதை அந்தத் தண்ணீரில்தான் பார்க்க வேண்டும்.