ஒரே ஆள், இரண்டு முகவரி

மடலாற்குழுக்களில் பழகியவர்களிடம் இந்தக் கதை கட்டாயம் இருக்கும். பாதி ராத்திரி உட்கார்ந்து நீளமாக ஒரு பதில் எழுதி அனுப்பினால், "நீங்கள் இந்தக் குழுவின் உறுப்பினர் அல்ல" என்று திரும்பி வரும். ஐந்து வருட உறுப்பினருக்கு! காரணம் சின்னதுதான். அன்றைக்கு அவர் அலுவலக முகவரியிலிருந்து அனுப்பிவிட்டார். குழுவுக்கு ஆளைத் தெரியாது, முகவரியைத்தான் தெரியும்.

எப்போதும் இப்படி இல்லை. 1975-ல் அர்ப்பாநெட்டில் தொடங்கிய 'எம்எஸ்ஜி குரூப்' என்ற மடலாற்குழுவின் பட்டியலை ஐனார் ஸ்டெஃபெருட் என்பவர் கையாலேயே பராமரித்தார். மனிதர் பார்க்கும் பட்டியலில் "முகவரி மாறிவிட்டது" என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் ஆள் கூடக் கூட, பார்க்கிறவர் பாடு திண்டாட்டம்தான்.

1986-ல் பாரிஸில் படித்துக்கொண்டிருந்த எரிக் தாமஸ், பிட்நெட் என்ற பல்கலைக்கழக வலையமைப்புக்காக லிஸ்ட்செர்வ் மென்பொருளை எழுதினார். (மாணவர் ஒருவர் செய்த வேலை என்பதைக் கவனிக்கவும்!) சேர வேண்டுமா, விலக வேண்டுமா, ஒரு வரிக் கட்டளை அனுப்பினால் முடிந்தது. முகவரியைக்கூட எழுத வேண்டாம், மடலின் அனுப்புநர் வரியிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும்.

வசதியும் வம்பும் அங்கேதான் ஒன்றாகப் பிறந்தன. படிப்பை முடித்த ஒருவர் கல்லூரி முகவரிக்கு வருவதையெல்லாம் புது முகவரிக்குத் திருப்பிவிட்டிருப்பார். குழு மடல்கள் வந்து குவியும். விலக நினைத்துக் கட்டளை அனுப்பினால், "அப்படி ஒருவர் பட்டியலிலேயே இல்லை" என்று பதில் வரும். பழைய முகவரியிலிருந்து அனுப்பவும் வழியில்லை. கடைசியில் குழுவை நடத்துகிறவரிடம்தான் கெஞ்ச வேண்டும்.

1990-களில் குப்பை மடல்கள் பெருகியதும், உறுப்பினர் மடல்களை மட்டுமே ஏற்போம் என்று பல குழுக்கள் கதவைச் சாத்தின. 1996-ல் ஹாட்மெயில் வந்து இலவச முகவரியும் எளிதாகக் கிடைத்துவிட்டது. இரண்டு முகவரிக்காரர்கள் கண்டுகொண்ட வழி இது: இரண்டையும் குழுவில் சேர்த்துவிட்டு, ஒன்றுக்கு மட்டும் 'நோமெயில்' என்று கட்டளை கொடுப்பது. எதிலிருந்தும் எழுதலாம், மடல் ஒன்றுக்குத்தான் வரும். கணக்குப் பார்த்தால் பேரேட்டில் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியது மாதிரி. உறுப்பினர் எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்பட்ட குழுக்களில் எத்தனை பேர் இரட்டைப் பிறவிகளோ!

பெரிய அடி 2014 ஏப்ரலில் விழுந்தது. யாஹூ முகவரியைப் போட்டுக்கொண்டு வேறு சர்வரிலிருந்து வரும் மடல்களை நிராகரிக்கலாம் என்று யாஹூ அறிவித்தது. மோசடிக்காரர்களைத் தடுக்கத்தான். ஆனால் மடலாற்குழு செய்வதும் அதே வேலைதானே? உறுப்பினர் பெயரில் மடலை வேறு சர்வரிலிருந்து அனுப்புகிறது. யாஹூக்காரர் ஒருவர் எழுத, அது ஜிமெயில்காரர்களிடம் போய் முட்டித் திரும்ப, குழு மென்பொருளோ ஜிமெயில் முகவரிகள்தான் செத்துவிட்டன என்று நினைத்து அவர்களுக்கு மடலையே நிறுத்தியது. எழுதியவர் ஒருவர், தண்டனை மற்றவர்களுக்கு! வேறு முகவரி வைத்துக்கொள்ளுங்கள் என்று யாஹூ உறுப்பினர்களிடம் நடத்துநர்கள் கேட்க வேண்டியதாயிற்று. பிறகு பல குழுக்கள் அனுப்புநர் வரியையே மாற்றி அனுப்பத் தொடங்கின.

ஒரு ஆளின் பல முகவரிகளை ஒரே கணக்கில் இணைத்து, எதிலிருந்து எழுதினாலும் ஏற்கும் வசதி மெயில்மேன் மென்பொருளின் 3-ஆம் பதிப்பில் வந்தது. அது வெளியான ஆண்டு 2015. அதற்குள் பாதிக் கூட்டம் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டிருந்தது.