ஆடுகளமும் அரசியலும்: அல்பிரட் லிற்றில்டன் பற்றிய ஒரு நோக்கு

விக்ரோறியா காலத்து இங்கிலாந்திலே கிரிக்கெட் வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை; வர்க்க வேறுபாட்டைப் பேணிய நிறுவனமாகவும் அது விளங்கிற்று. ஊதியம் பெறாது ஆடியோர் ‘கனவான்கள்’ எனவும், ஊதியத்துக்கு ஆடியோர் ‘ஆட்டக்காரர்’ எனவும் பிரிக்கப்பட்டனர். இவ்விரு சாராரும் எதிரெதிர் அணிகளாக ஆடும் வழக்கம் 1806 முதல் 1962 வரை நிலவியது. கனவான்களின் இலட்சிய உருவமாக அன்று போற்றப்பட்டவர்களுள் ஒருவர் அல்பிரட் லிற்றில்டன்.

1857 இல் பிரபு குடும்பமொன்றிற் பிறந்த இவர், ஈற்றன் கல்லூரியிலும் கேம்பிறிட்ஜிலும் கல்வி கற்றார். 1877 இல் ஸ்கொட்லாந்துக்கு எதிராக உதைபந்தாட்டத்திலும், 1880 இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகக் கிரிக்கெட்டிலும் இங்கிலாந்தின் சார்பில் ஆடினார். இவ்விரு விளையாட்டுக்களிலும் அந்நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்திய முதல்வர் இவரே. 1881 இல் பரிஸ்டரான இவர், 1900 இல் இராணி வழக்கறிஞர் என்னும் உயர் நிலையை எய்தினார்.

இவரது கிரிக்கெட் வாழ்வில் 1884 ஆம் ஆண்டு ஓவல் ஆட்டம் குறிப்பிடத்தக்கது. அவுஸ்திரேலியர் 500 ஓட்டங்களைக் கடந்து ஆடிக்கொண்டிருந்தனர். இங்கிலாந்தின் பதினொருவரும் பந்து வீசவேண்டியதாயிற்று. விக்கெற் காப்பாளரான லிற்றில்டன் கையுறைகளைக் களைந்து, கையைத் தாழ்த்திப் பந்து வீசி, 19 ஓட்டங்களுக்கு 4 விக்கெற்றுக்களை வீழ்த்தினார். அவ்வேளை விக்கெற்றைக் காத்தவர் டபிள்யூ. ஜி. கிறேஸ்.

எனினும், வரலாற்று மாணவரின் கவனத்தை ஈர்க்கவேண்டியது இவரது அரசியல் வாழ்வே. 1895 இற் பாராளுமன்றம் புகுந்த இவர், 1903 முதல் 1905 வரை குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தார். அன்று இலங்கையும் அவ்வலுவலகத்தின் கீழேயே இருந்தது. போவர் யுத்தத்தின் பின் திரான்ஸ்வால் தங்கச் சுரங்கங்களிலே தொழிலாளர் பற்றாக்குறை நிலவியது. ஆபிரிக்கருக்குக் கூலியை உயர்த்த விரும்பாத சுரங்க முதலாளிகள் சீனத் தொழிலாளரை நாடினர். 1904 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 60,000 இற்கும் அதிகமானோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். இவர்கள் அனுமதியின்றிச் சுரங்க வளவை விட்டு வெளியேற முடியாது. திறன்சார் தொழில்கள் இவர்களுக்கு மறுக்கப்பட்டன. ஒப்பந்தம் முடிந்ததும் நாடு திரும்பவேண்டும். இவ்வேற்பாட்டுக்கு ஒப்புதல் அளித்துப் பாராளுமன்றத்தில் அதற்காக வாதாடியவர் லிற்றில்டனே. எதிர்க்கட்சியினர் இதனைச் ‘சீன அடிமைத்தனம்’ எனக் கண்டித்தனர். 1906 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இவரது கட்சி படுதோல்வியடைந்தது. இவரும் தமது தொகுதியை இழந்தார்.

வேறொரு தொகுதியின் வழியாக விரைவிலேயே பாராளுமன்றம் மீண்ட இவர், 1913 இல் மறைந்தபோது அரசியல் எதிரியான பிரதமர் அஸ்குவித்தே இவரைப் புகழ்ந்துரைத்தார். இவரது தனிப்பட்ட நேர்மையை ஐயுறுவதற்கில்லை. ஆயினும், ஆட்ட விதிகளை எல்லோர்க்கும் பொதுவெனக் கொண்ட அதே வகுப்பினர், சுரங்கத் தொழிலாளிக்கு வேறொரு விதியை வகுத்தனர். தனிமனிதரின் பண்பைக் கொண்டு மட்டும் ஒரு காலத்தின் நீதியை அளவிட முடியாது என்பதையே இவரது வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.