கன்னத்தில் குத்தும் முடி

புதிதாக வாங்கிய பன்றிமுடி ஷேவிங் பிரஷ், முதல் சில நாட்கள் கன்னத்தில் விளக்குமாறு போலத்தான் உரசும். தண்ணீரில் நனைத்தால் ஒரு வீச்சமும் அடிக்கும். காசு வீணாகிவிட்டதென்று அதைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. ஆனால் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் முடிதிருத்தும் கடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிடித்துவந்தது இதே பிரஷ்ஷைத்தான். இன்று குத்துகிற முடி நாள்பட இளகிவிடும் என்பது அவர்களுக்குக் கைவந்த பாடம்.

மிருதுவான பிரஷ் வேண்டுமென்றால் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும், இல்லையேல் பொறுத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் மனமில்லாத சந்தை கண்டுபிடித்த குறுக்குவழி ஒன்று, முதல் உலகப் போர்க் காலத்தில் உயிர்களையே பறித்தது.

பணக்காரர் வழி, பேட்ஜர் முடி. பேட்ஜர் என்பது குளிர்நாடுகளில் வளை தோண்டி வாழும் விலங்கு. அதன் முடிக்கு நுனி வெளிர் நிறம், நடுவில் ஒரு கறுப்புப் பட்டை. நுனி மெலிந்து முடிவதால் வாங்கிய அன்றே கன்னத்துக்கு இதமாக இருக்கும். பாரிஸில் 1808இல் தொடங்கிய பிளிஸோன் போன்ற நிறுவனங்கள் பெயர் எடுத்தது இத்தகைய பிரஷ்களால்தான். நல்ல பிரஷ் கட்டுபவர் முடியைக் கத்தரித்து வடிவம் கொண்டுவருவதில்லை. சிறு கிண்ணம் போன்ற அச்சில் நுனி கீழே இருக்கும்படி முடியைக் கொட்டித் தட்டுவார். அச்சின் வளைவே பிரஷ்ஷின் தலைக்கு வடிவம் தந்துவிடும். மிஞ்சும் நீளத்தை அடிப்பக்கத்தில்தான் வெட்டுவார். மலிவுப் பட்டறைகளில் நேர்மாறாக நுனியையே கத்தரித்துச் சமப்படுத்துவார்கள். வெட்டுப்பட்ட முனை மொட்டையாக நிற்கும். பிரஷ் குத்துவதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று.

ஏழைகளின் வழி, பன்றி முடி. பன்றியின் முதுகெலும்பை ஒட்டி வளரும் முடி தடிமனானது, விறைப்பானது. குளிர்ப் பிரதேசத்துப் பன்றியின் முடி இன்னும் நீளம். அதனால் ரஷ்யாவும் சீனாவும் உலகச் சந்தைக்குப் பெரும் பங்கை அனுப்பின. இந்தியாவில் கான்பூர் இந்த வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அங்கே கட்டிக் சமூகத்தினர் பன்றி முடியைச் சேகரித்து, சுத்தம் செய்து, நீளவாரியாகவும் நிறவாரியாகவும் பிரித்துக் கட்டினார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அந்தக் கட்டுகள் லண்டன் சந்தைவரை போயின. சாதி அடுக்கில் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தவர்களில் ஒரு பகுதியினர் இந்த வியாபாரத்தால் கையில் காசும் நகரத்தில் செல்வாக்கும் பெற்றார்கள்.

பிடுங்கிய முடி அப்படியே பிரஷ்ஷுக்கு உதவாது. கொழுப்பும் அழுக்கும் போகக் கழுவி, குச்சிகளில் இறுகக் கட்டி வேகவைத்தால்தான் வளைந்த முடி நேராகும். பிறகு வேர்ப்பக்கம் ஒருபுறமும் நுனி மறுபுறமும் வரும்படி அடுக்கி, நீளம் பார்த்துப் பிரிக்க வேண்டும். பன்றி முடியின் தனிச்சிறப்பு அதன் நுனியில் இருக்கிறது. ஒற்றை முடி, நுனியில் இரண்டு மூன்று இழைகளாகப் பிளக்கும். பிளவு கூடக் கூட முடி மெத்தென்று ஆகும், நுரையையும் கூடுதலாகப் பிடித்துவைக்கும். பட்டறையிலிருந்து வரும்போது இந்தப் பிளவு கொஞ்சம்தான் இருக்கும். மீதி வேலையை முடிப்பது வாங்கியவரின் சோப்பும் தண்ணீரும்தான்.

1914இல் போர் மூண்டது. பேட்ஜர் முடியின் வரத்து சுருங்கியது. அதே சமயம் தேவை பெருகியது. நச்சுவாயு முகமூடி முகத்தோடு காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. ஆகவே பதுங்குகுழியிலும் சவரம் கட்டாயமானது. லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு ரேசரும் பிரஷ்ஷும் உடனடியாக வேண்டியிருந்தன.

குறுக்குவழி இங்கேதான் நுழைந்தது. மலிவான குதிரை முடியை எடுத்து, பேட்ஜர் முடியைப் போலத் தோன்றும்படி செய்து, அதே சாயலில் பிரஷ் கட்டினார்கள். முடி சீனாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்தது. ஜப்பானில் கட்டிய பிரஷ்களும் குவிந்தன. சிப்பாய் கையில் எடுத்துப் பார்த்தால் விலை உயர்ந்த சரக்கு மாதிரியே இருக்கும். ஆனால் கிருமி நீக்கம் சரியாக நடக்கவில்லை. முடியோடு சேர்ந்து ஆந்த்ராக்ஸ் கிருமியின் விதையுருக்களும் பயணம் செய்தன. நம் ஊர்க் கால்நடை மருத்துவர்கள் அடைப்பான் என்று சொல்லும் அதே நோய்தான். இந்த விதையுரு வெயிலுக்கும் வறட்சிக்கும் அசையாமல் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும்.

சவரம் செய்த கன்னத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். கிருமிக்கு அதுவே வாசல். முதலில் ஒரு சிறு பரு, அரிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. பிறகு கொப்புளம், அதைச் சுற்றி வீக்கம், நடுவில் நிலக்கரி நிறத்தில் ஒரு பொருக்கு. முகத்திலும் கழுத்திலும் புண் வந்ததால் வீக்கம் சீக்கிரம் பரவியது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் பிழைப்பது அரிது. பெனிசிலின் வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமாக, படைவீரர்களும் பொதுமக்களும் சேர்த்து, 200க்கும் மேற்பட்டவர்களுக்கு ஷேவிங் பிரஷ்ஷால் இந்த நோய் வந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. நோயாளியின் புத்தம்புது பிரஷ்ஷை ஆய்வகத்தில் சோதித்தபோது சில முடிகளில் கிருமி அகப்பட்டது.

அரசுகள் விழித்துக்கொண்டன. பிரிட்டன் 1919இல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஜப்பானிய ஷேவிங் பிரஷ் இறக்குமதிக்குத் தடை விதித்தது. கம்பளியையும் முடியையும் கிருமி நீக்க லிவர்பூலில் அரசே ஒரு நிலையத்தை நிறுவி ஃபார்மால்டிஹைடைப் பயன்படுத்தியது. அமெரிக்காவிலும் பிரஷ் முடியை வேகவைக்கவோ அழுத்த நீராவியில் வைக்கவோ வேண்டும் என்று விதி வந்தது. அந்தக் காலத்து அமெரிக்க பிரஷ்களின் கைப்பிடியில் ‘ஸ்டெரிலைஸ்டு’ என்ற முத்திரையைப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் தட்டுப்பாடு பன்றி முடிக்கு வந்தது. கப்பலுக்கும் விமானத்துக்கும் வர்ணம் பூச பிரஷ் வேண்டும், அதற்குச் சீனத்துப் பன்றி முடி வேண்டும். சீனக் கடற்கரையை ஜப்பான் மறித்திருந்ததால், இமயமலைக்கு மேலே பறந்து இந்தியா திரும்பிய ராணுவச் சரக்கு விமானங்கள் டங்ஸ்டன் தாதுவோடு பன்றி முடியையும் சுமந்து வந்தன. 1938இல் பல்துலக்கும் பிரஷ்ஷில் அறிமுகமான டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் இழை, இந்த இடைவெளியில் மற்ற பிரஷ்களுக்குள்ளும் புகுந்தது. பிரஷ்ஷே தேவைப்படாத க்ரீம்கள் 1920களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. 1950களில் டப்பாவை அழுத்தினால் நுரை கொட்டியது. பன்றி முடியைப் பழக்கி இளக்கும் பொறுமை பெரும்பாலான வீடுகளிலிருந்து விடைபெற்றது.

இப்போது பழைய பாணிச் சவரம் மீண்டும் நாகரிகமாகியிருக்கிறது, குத்தும் பிரஷ்ஷை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கிறது. பதில் முடியின் குணத்திலேயே இருக்கிறது. பன்றி முடி தண்ணீரை உறிஞ்சி இளகும். ஆகவே சவரத்துக்கு முன் பத்து நிமிடமாவது வெதுவெதுப்பான நீரில் ஊறவிட வேண்டும். புது பிரஷ்ஷில் சோப்பு தேய்த்து, உள்ளங்கையில் நுரை கிளப்பி, அலசி, முழுதாகக் காயவிட வேண்டும். இப்படி நனைந்து காயும் ஒவ்வொரு சுற்றிலும் நுனிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளக்கும். கொதிநீர் கூடாது, முடியைப் பிடித்திருக்கும் பசை விட்டுவிடும். நன்றாக இருந்த பிரஷ் திடீரென்று குத்தத் தொடங்கினால் குற்றவாளி பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். கடின நீரோடு சோப்பு சேர்ந்து முடியில் படலமாகப் படியும். தண்ணீர் கலந்த வினிகரில் சில நிமிடங்கள் வைத்து அலசினால் அது கரைந்துவிடும். நுனி கத்தரிக்கப்பட்ட மலிவு பிரஷ் மட்டும் இந்த வைத்தியத்துக்கு அவ்வளவாக மசியாது.

பழம்பொருள் கடையில் கிடைத்த நூறாண்டுப் பழைய பிரஷ்ஷைச் சரிசெய்து பயன்படுத்த நினைப்பவர்களுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. முதல் உலகப் போர்க் கால ஆந்த்ராக்ஸ் நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்து 2017இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவ இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. பழைய பிரஷ்கள்மீது மறுபடி ஆசை கிளம்பியிருப்பதே அதற்குக் காரணம். இன்றைய பிரஷ்களின் முடி கிருமி நீக்கப்பட்டே வருகிறது. 1920க்கு முந்தைய குதிரைமுடி பிரஷ்ஷைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வீட்டில் வினிகரும் வெந்நீரும் ஆந்த்ராக்ஸ் விதையுருவை ஒன்றும் செய்யாது. அத்தகைய பிரஷ் கண்ணாடி அலமாரியில் இருக்கலாம், கன்னத்துக்கு வரக் கூடாது.